முளைக்காத விதையும் பூக்காத செடியும்: ஈராண்டு, பல்லாண்டு மலர்களுக்கு அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

துலுக்கச் சாமந்தி விதைத்துத் தோட்டம் பழகியவர்களுக்கு ஃபாக்ஸ்குளோவும் ஹாலிஹாக்கும் டெல்ஃபினியமும் முதலில் ஏமாற்றத்தையே தரும். துலுக்கச் சாமந்தி ஒரே வாரத்தில் முளைத்து இரண்டு மாதத்தில் பூத்துவிடும். ஃபாக்ஸ்குளோவ் முளைக்கவே மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும். பிறகு முதல் ஆண்டு முழுக்க வெறும் இலைக்கொத்தாக உட்கார்ந்திருக்கும். இப்படி முதல் ஆண்டில் இலையும் வேரும் சேர்த்து, குளிர்காலத்தைக் கடந்து, மறு ஆண்டில் தண்டு நீட்டிப் பூத்து, விதை தந்து மடிவது ஈராண்டுச் செடி. ஜெர்பெரா, லேவண்டர், கல்வாழை, சங்குப்பூ, நித்தியகல்யாணி போல ஆண்டுக்கணக்கில் நிற்பவை பல்லாண்டுச் செடிகள்.

இவற்றில் நாம் கோளாறு என்று நினைப்பவற்றில் பெரும்பகுதி கோளாறே இல்லை. குளிர், வெளிச்சம், இருட்டு, ஓட்டில் ஒரு கீறல் என்று செடி எதிர்பார்க்கும் ஏதோ ஒரு குறிப்பு இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். எந்தக் குறிப்பு என்று பார்க்காமல் தண்ணீரையும் உரத்தையும் கூட்டும்போதுதான் உண்மையான கோளாறு தொடங்குகிறது. ஆகவே கண்ணில் படும் அறிகுறியிலிருந்து தொடங்குவோம். ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் போன்ற மலை ஊர்களுக்கும் சமவெளி மாடித்தோட்டங்களுக்கும் விடை மாறும் இடங்களைத் தனியே சொல்கிறேன்.

விதைத்து மூன்று வாரமாகியும் முளையே இல்லை

பாக்கெட்டைத் திட்டுவதற்கு முன் ஒரு குச்சியால் மண்ணைக் கிளறி நாலைந்து விதைகளை வெளியே எடுங்கள். விரல்நுனியில் வைத்து மெல்ல அழுத்துங்கள். விதையின் நிலையைப் பொறுத்து வழி பிரியும்.

விதையே அகப்படவில்லை என்றால் எறும்பு தூக்கிப் போயிருக்கும், அல்லது பூவாளித் தண்ணீரில் அடித்துக்கொண்டு போயிருக்கும். தூசி போன்ற விதைகளுக்கு மேலிருந்து தண்ணீர் ஊற்றவே கூடாது. விதைத்தட்டை ஓர் அகலமான தாம்பாளத்துத் தண்ணீரில் வைத்து, மேல்மண் கறுக்கும் வரை அடியிலிருந்து உறிஞ்ச விட வேண்டும். எறும்புக்கு, தட்டைத் தாங்கும் செங்கற்களைத் தண்ணீர்த் தட்டுக்குள் வைத்தால் போதும்.

விதை கூழாக நசுங்கினால் அது அழுகிவிட்டது. ஈரம் மிகுந்திருக்கிறது, அல்லது விதை வரும்போதே உயிரற்று வந்திருக்கிறது. இதில் எது என்று அறிய, மிச்சமிருக்கும் விதைகளில் பத்தை எடுத்து ஈரத்துணியில் மடித்து மூடிய டப்பாவில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் ஒன்றும் முளைக்கவில்லை என்றால் விதைதான் பழுது. அங்கே முளைத்தால் உங்கள் மண்கலவையைப் பார்க்க வேண்டும். டெல்ஃபினியம், ஜெர்பெரா இரண்டின் விதைகளும் வெகுவிரைவில் முளைப்புத்திறன் இழப்பவை. கோடையில் கடை அலமாரியில் கிடந்த டெல்ஃபினியம் பாக்கெட்டை வாங்குவது பணத்தைக் குப்பையில் போடுவதற்குச் சமம். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும், சேமிப்பு வெப்பம் 5 டிகிரி குறைந்தால் மறுபடி இரட்டிப்பாகும் என்பது விதை சேமிப்போர் கைக்கொள்ளும் பொதுக்கணக்கு. நம் ஊர் வெப்பத்திலும் புழுக்கத்திலும் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாக ஓடும். அதனால் விதையைக் காற்றுப் புகாத புட்டியில், குளிர்பெட்டியில் வையுங்கள்.

விதை வாங்கும்போது இருந்தது போலவே கல்லாக இருந்தால், தண்ணீர் உள்ளேயே போகவில்லை. சங்குப்பூ, லுபின், கல்வாழை மூன்றும் இந்த வகை. சங்குப்பூ விதையையும் லுபின் விதையையும் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓரிரவு தண்ணீரில் ஊறப்போட்டால் போதும். காலையில் எவை பருத்திருக்கின்றனவோ அவற்றை விதைக்கலாம். பருக்காதவற்றை மறுபடி தேய்க்க வேண்டும். கல்வாழை விதைக்கு உப்புத்தாள் காணாது. அரம் கொண்டு ஒரு பக்கத்தை ராவி, கறுப்பு ஓட்டுக்குள்ளிருந்து வெள்ளை தெரிந்ததும் நிறுத்த வேண்டும். முளை இருக்கும் முனையைத் தொடக் கூடாது. இந்த ஓட்டின் உறுதியைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் ஒரு சேதி: அர்ஜென்டினாவில் பழங்கல்லறை ஒன்றில், அக்ரூட் (வால்நட்) இனக் கொட்டை ஓட்டுக்குள் கிலுகிலுப்பை மணியாக அடைபட்டிருந்த கல்வாழை விதை ஒன்று, சுமார் 600 ஆண்டுகளுக்குப் பிறகு முளைத்திருக்கிறது. அந்த ஓடு உங்கள் பூவாளிக்கு இரண்டு வாரத்தில் இளகிவிடாது.

இனி, விதை நீர் குடித்துப் பருத்திருக்கிறது, கெட்டியாகவும் இருக்கிறது, ஆனால் முளைக்கவில்லை என்ற நிலை. விதை உயிரோடு உறங்குகிறது. பெரும்பாலானவர்கள் பொறுமை இழந்து தட்டைக் கவிழ்ப்பது இந்த இடத்தில்தான். கவிழ்க்காமல் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதல் கேள்வி வெளிச்சம். ஃபாக்ஸ்குளோவ், கேன்டர்பரி பெல், பிரிமுலா, அக்விலீஜியா, லேவண்டர் ஆகியவற்றின் விதைகள் வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். விதை பருமனைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம் என்ற பொதுவிதியை இவற்றிடம் காட்டக் கூடாது. ஈரமான மண்மேல் தூவி, உள்ளங்கையால் அழுத்திவிட்டு, கண்ணாடியோ மெல்லிய பாலிதீனோ மூடி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைக்க வேண்டும். புதைத்துவிட்டிருந்தால் மேல்மண்ணை மெல்லச் சுரண்டிவிட்டாலே சில நாளில் பச்சை தெரியும். நித்தியகல்யாணியும் டெல்ஃபினியமும் இதற்கு நேர்மாறு. அவற்றுக்கு இருட்டு வேண்டும். மண்ணால் மூடி, தட்டின் மேல் செய்தித்தாள் போட்டு, முதல் முளை தெரிந்த அன்றே தாளை எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது கேள்வி குளிர். குளிர்நாடுகளில் பிறந்த பல்லாண்டுச் செடிகளின் விதை இலையுதிர் காலத்தில் உதிர்ந்து, பனிக்காலம் முழுக்க ஈரமண்ணில் கிடந்து, வசந்தத்தில் முளைக்கும். அந்தக் குளிர் கிடைக்கும் வரை அது வாய் திறக்காது. லேவண்டருக்கும் அக்விலீஜியாவுக்கும் எக்கினேசியாவுக்கும் மூன்றிலிருந்து ஐந்து வாரக் குளிர் நல்ல பலன் தரும். இதில் ஒரு தவறு ஓயாமல் நடக்கிறது: விதைப் பாக்கெட்டை அப்படியே குளிர்பெட்டியில் ஒரு மாதம் வைத்துவிட்டு, குளிர் காட்டியாயிற்று என்று நினைப்பது. உலர்ந்த விதைக்குக் குளிர் காட்டினால் அது சேமிப்பு மட்டுமே. உறக்கம் கலைய, விதை முதலில் தண்ணீர் குடித்திருக்க வேண்டும். பிழிந்தால் சொட்டாத அளவு ஈரமுள்ள தென்னை நார்க்கழிவில் விதையைக் கலந்து, ஜிப் பையில் போட்டு, மேலே பெயரும் தேதியும் எழுதி, குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில் வையுங்கள். 4 டிகிரியை ஒட்டிய குளிர் போதும். ஐஸ்கட்டி அறையில் வைத்தால் நீர் குடித்த விதை செத்துவிடும். வாரம் ஒருமுறை பையைத் திறந்து பாருங்கள். உள்ளேயே வேர் நீட்டியிருந்தால் அன்றே மண்ணுக்கு மாற்ற வேண்டும்.

மூன்றாவது கேள்வி வெப்பம். சமவெளியில் விதைப்போர் மறக்கும் கேள்வி இது. பிரிமுலா 20 டிகிரிக்கு மேல் போனால் அடம் பிடிக்கும். டெல்ஃபினியம் 15 முதல் 18 டிகிரியில் சுகமாக முளைக்கும். சென்னையில் ஆவணி மாத அறை வெப்பத்தில் அதை எதிர்பார்ப்பது வீண். வெப்பம் தாங்காமல் உறங்கிப்போன விதை, பிறகு குளிர்ச்சி கிடைத்தாலும் உடனே விழிக்காமல் போகலாம். ஆகவே சமவெளியில் இந்தக் குளிர்விரும்பிகளை ஐப்பசி பிறக்குமுன் தொடவே வேண்டாம். அடீனியம், நித்தியகல்யாணி போன்றவற்றுக்கு இதே விதி தலைகீழாகும். அவை 25 டிகிரிக்கு மேல் கேட்கும். ஊட்டியில் வீட்டு ஜன்னலோரத்தில் அவற்றை விதைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நீல ரோஜா, வானவில் ரோஜா விதை என்று விற்கப்படும் பாக்கெட் முளைக்காததற்கு மேற்கண்ட எதுவும் காரணமில்லை. அப்படி ஒரு செடி இல்லை.

சில முளைத்துவிட்டன, மற்றவை அசையவில்லை

இது நல்ல அறிகுறி. காட்டு இயல்பு மாறாத செடிகள் எல்லா விதையையும் ஒரே மழையை நம்பிச் செலவழிப்பதில்லை. அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் 1879-இல் விதைகளை மணலோடு கலந்து 20 புட்டிகளில் அடைத்துப் புதைத்தார். 2021-இல் தோண்டிய புட்டியிலிருந்தும் விதைகள் முளைத்தன. முளைத்தவை வெர்பாஸ்கம் என்னும் ஈராண்டுச் செடியினத்தைச் சேர்ந்தவை. 142 ஆண்டு காத்திருக்கும் குலத்தில் பிறந்த விதையிடம் பத்து நாள் தாமதத்துக்குக் கோபிப்பதில் பயனில்லை. முளைத்த நாற்றுகளை மட்டும் கரண்டிக்காம்பால் நெம்பி எடுத்து நட்டுவிட்டு, மிச்ச மண்ணைக் கலைக்காமல் நிழலில் ஈரம் காயாமல் வையுங்கள். அக்விலீஜியாவில் இரண்டாம் தவணை வருவது வழக்கம்.

முளைத்த நாற்று மண்மட்டத்தில் இளைத்துச் சாய்கிறது

நாற்றழுகல். தண்டு மண்ணைத் தொடும் இடம் நீர்கோத்துக் கயிறுபோல மெலிந்து, நாற்று பச்சையாக இருக்கும்போதே படுத்துவிடும். தட்டின் ஓர் ஓரத்தில் தொடங்கி வட்டமாகப் பரவும். பித்தியம், ரைசாக்டோனியா ஆகிய பூசணங்கள் காரணம். அவற்றை அழைத்து வருவது நெருக்கமான விதைப்பும், நகராத காற்றும், மாலையில் ஊற்றும் தண்ணீரும்.

சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. சாய்ந்த இடத்தை, சுற்றிலும் இரண்டு விரற்கடை மண்ணோடு சேர்த்து அள்ளிப் போடுங்கள். மூடியிருந்த கண்ணாடியை எடுத்துவிடுங்கள். மிச்ச நாற்றுகளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூசணக்கொல்லியைக் கலந்து வேரடியில் நனையுமாறு ஊற்றலாம். ஆனால் மருந்துக்கு முன்னால் யோசிக்க வேண்டியது மண். தோட்டத்து மண்ணை விதைத்தட்டில் போடுவதை முதலில் நிறுத்துங்கள். கழுவிய தென்னை நார்க்கழிவும் நன்கு மக்கிய மண்புழு உரமும் கொஞ்சம் மணலும் கலந்து, அதில் நோய்ப் பூசணங்களை அடக்கும் டிரைக்கோடெர்மா விரிடி தூவி, சில நாள் ஈரத்தோடு மூடி வைத்த பிறகு விதைத்தால் நாற்றழுகல் பெரும்பாலும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் டிரைக்கோடெர்மாவும் ஓர் பூசணம்தான். அதைப் போட்ட கையோடு பூசணக்கொல்லியையும் ஊற்றினால் இரண்டுக்கும் செலவழித்த பணம் வீண். இரண்டில் ஒன்று.

ஃபாக்ஸ்குளோவ் போன்ற தூசி விதைகளைச் சீராகத் தூவ, ஒரு பங்கு விதைக்கு இருபது பங்கு உலர்ந்த மெல்லிய மணலைக் கலந்துகொள்ளுங்கள். நெருக்கம் குறைந்தாலே பாதி நோய் போய்விடும்.

நாற்றின் மேல் சின்னஞ்சிறு கறுப்பு ஈக்கள் பறந்தால், அவற்றின் புழுக்கள் மண்ணுக்குள் வேரைக் கடித்துக்கொண்டிருக்கும். மேல்மண்ணைக் காயவிட்டு அடியிலிருந்து நீர் கொடுத்து, மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்றைத் தொங்கவிடுங்கள்.

நாற்று வெளுத்து, நீண்டு, ஒரு பக்கம் சாய்கிறது

வெளிச்சம் போதவில்லை, வேறு விளக்கம் தேட வேண்டாம். வீட்டுக்குள் வைக்காமல், திறந்த வெளியில் 50 சதவீத நிழல்வலைக்கு அடியில், முளை தெரிந்த நாளிலிருந்தே வையுங்கள். ஏற்கெனவே நீண்டுவிட்டதை, விதையிலை (முளைத்ததும் முதலில் விரியும் இலை) வரை மண்ணில் இறக்கி நடலாம். இலைக்கொத்தாக வளரும் ஃபாக்ஸ்குளோவ், பிரிமுலா, ஜெர்பெரா ஆகியவற்றில் மட்டும் இந்த உத்தி ஆகாது. கொத்தின் நடுக்குருத்து மண்ணில் புதைந்தால் அழுகும்.

இரண்டு இலையோடு நின்றுவிட்டது. அல்லது இலை மஞ்சளாகிறது, ஊதாவாகிறது, ஓரம் கருகுகிறது

மஞ்சள் என்றால் பசி. தென்னை நார்க்கழிவில் ஈரம் நிற்குமே தவிரச் சத்து எதுவும் கிடையாது. விதையிலைக்குப் பின் வரும் உண்மையிலை இரண்டு விரிந்த பிறகு, தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் கரைத்து வாரம் ஒருமுறை கொடுத்தால் பத்து நாளில் நிறம் திரும்பும்.

ஓரம் கருகுவது உப்பு. சரியாகக் கழுவாத நார்க்கழிவிலும், ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரிலும் உப்பு ஏறியிருக்கும். தட்டின் அடித்துளை வழியாக ஓடும்படி மழைநீரை ஊற்றி அலசுங்கள். கருகலைப் பசி என்று எண்ணி மேலும் உரம் வைப்பதுதான் நாற்றைக் கொல்லும் வழி.

இலையின் அடிப்புறம் ஊதாவானால் வேர் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுக்கவில்லை. மலையில் மார்கழிக் குளிரில் மண் சில்லிட்டிருக்கும்போது இது இயல்பு. தை கழிந்தால் தானே தெளியும். தெளியாவிட்டால் மண்ணின் அமிலத்தன்மையைச் சோதியுங்கள். நீலகிரி மண் இயல்பாகவே அமிலம் மிகுந்தது. லுபினுக்கு அது பிடிக்கும். ஸ்வீட் வில்லியம், ஜிப்சோஃபிலா, லேவண்டர், டெல்ஃபினியம் ஆகியவற்றுக்குப் பிடிக்காது. டோலமைட் சுண்ணாம்பைப் பாத்தியில் கலந்து சில வாரம் ஆறவிட்டு இவற்றை நடுங்கள். ஒரே பாத்தியில் லுபினையும் லேவண்டரையும் வளர்க்க நினைப்பவர் இரண்டில் ஒன்றின் அழுகையைக் கேட்டே ஆக வேண்டும்.

பிடுங்கி நட்டதும் வாடி மடிகிறது

லுபின், ஹாலிஹாக், ஜிப்சோஃபிலா, சங்குப்பூ ஆகியவை ஆணிவேர்க்காரர்கள். அந்த வேர் ஒருமுறை மடங்கினாலோ அறுந்தாலோ செடி பிழைத்தாலும் நொண்டும். இவற்றைத் தட்டில் விதைக்காமல், காகிதக் கோப்பையில் ஒன்றோ இரண்டோ விதை போட்டு, நான்காவது இலை வருமுன் கோப்பையோடு நட்டுவிடுங்கள். அடியைக் கிழித்துவிட்டால் போதும். ஆழம் குறைந்த குழித்தட்டு மற்றச் செடிகளுக்குச் சரி, இவற்றுக்குச் சிறை.

வேர் நன்றாக இருந்தும் வாடினால், நிழல்வலையிலிருந்து நேரே வெயிலுக்கு எடுத்துப் போயிருப்பீர்கள். ஒரு வாரம் காலை வெயிலில் மட்டும் வைத்துப் பழக்கிவிட்டு, மப்பும் மந்தாரமுமான நாளின் மாலையில் நடுங்கள்.

செடி செழித்து நிற்கிறது, பூ மட்டும் இல்லை

அதிகம் கேட்கப்படும் கேள்வியும், அதிகம் தவறாகப் பதில் சொல்லப்படும் கேள்வியும் இதுதான். எலும்புத்தூளும் வாழைப்பழத்தோல் கரைசலும் ஊற்றச் சொல்வார்கள். முதலில் செடியின் வயதைப் பாருங்கள். ஃபாக்ஸ்குளோவ், கேன்டர்பரி பெல், ஸ்வீட் வில்லியம் ஆகியவற்றின் சாதாரண ரகங்கள் விதைத்த ஆண்டில் பூப்பதில்லை. அதற்கு மருந்து கிடையாது, தேவையும் இல்லை.

ஒரு குளிர்காலம் கழிந்தும் பூக்கவில்லை என்றால், குளிர் போதவில்லை. பூக்கும் முடிவை எடுக்க இந்தச் செடிகளுக்கு ஏறத்தாழ 10 டிகிரிக்குக் கீழே ஆறு முதல் பத்து வாரம் வேண்டும். தாவரவியலில் இதைத் தட்பப்பதனம் என்பார்கள். சுமார் 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் மார்கழி, தை இரவுகள் உறைபனி வரை போவதால் இது தானாகக் கிடைக்கிறது. கொடைக்கானலிலும் கிடைக்கும். சுமார் 1,500 மீட்டர் உயர ஏற்காட்டில் இழுபறி. சமவெளியில் கிடையாது, எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் கிடையாது.

ஊட்டியிலேயே பூக்கவில்லையா? அப்படியானால் குளிர் வந்தபோது செடி குழந்தையாக இருந்திருக்கிறது. குளிரை உணர்ந்துகொள்ள இலைக்கொத்து ஓரளவு வளர்ந்திருக்க வேண்டும். எட்டு இலைக்குக் குறைந்த ஃபாக்ஸ்குளோவ் பனியில் நின்றாலும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. புரட்டாசியில் விதைத்தால் இதுதான் நடக்கும். மலையில் ஜூன், ஜூலையில், தென்மேற்குப் பருவமழை படாத கூரைக்கடியில் விதைத்து, செப்டம்பருக்குள் பாத்தியில் நட்டுவிட்டால், டிசம்பர்க் குளிர் வரும்போது கொத்து பெரிதாகியிருக்கும். மார்ச் முதல் மே வரை பூக்கும். ஊட்டி மலர்க்கண்காட்சி நடக்கும் காலத்தில் உங்கள் வாசலிலும் பூ இருக்கும்.

இதில் இன்னொரு நுட்பம். மலையில் குளிர் வாங்கிய செடியைத் தொட்டியோடு கோயம்புத்தூருக்கோ மதுரைக்கோ இறக்கினால், அடுத்தடுத்து வரும் 30 டிகிரிக்கு மேற்பட்ட நாட்கள் வாங்கிய குளிரை அழித்துவிடக்கூடும். பூந்தண்டு கண்ணுக்குத் தெரிந்த பிறகே இறக்க வேண்டும்.

சமவெளிக்காரர்கள் மனம் தளர வேண்டியதில்லை. குளிர் கேட்காமலே முதல் ஆண்டில் பூக்கும்படி உருவாக்கப்பட்ட ரகங்கள் இருக்கின்றன. ஃபாக்ஸ்குளோவில் ஃபாக்ஸி என்ற ரகம் 1967-லேயே அமெரிக்காவில் விருது வாங்கியது. கேன்டர்பரி பெல்லில் சாம்பியன் வரிசை இருக்கிறது. இவற்றுக்கும் இளங்குளிர் பிடிக்கும் என்பதால் சென்னையைவிட ஓசூரில் நன்றாக வரும். ஹாலிஹாக்கை செப்டம்பர் கடைசியில் மழை படாத இடத்தில் விதைத்தால், முதலாண்டு ரகங்கள் சமவெளியிலும் மாசி, பங்குனியில் பூத்துவிடும். அதை ஓராண்டுச் செடியாகவே நடத்துங்கள். சித்திரை வெயிலைத் தாண்ட வைக்கப் போராடுவது வீண் வேலை.

குளிரும் கிடைத்தது, வயதும் ஆயிற்று, இன்னும் பூ இல்லை என்றால் பகல் நீளத்தைப் பாருங்கள். கம்பானுலா கார்பட்டிக்கா, ருட்பெக்கியா போன்றவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடையில் 14 மணி நேரத்துக்கு மேற்பட்ட பகலைக் கண்டு பூப்பவை. தமிழ்நாட்டின் மிக நீண்ட பகலும் 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. ஊட்டிக் குளிர் இருந்தாலும் ஊட்டிப் பகல் லண்டன் பகலாகாது. இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை செடிக்கு மேல் ஓர் எல்.இ.டி. பல்பு எரிந்தால் அது நீண்ட பகலென்று எடுத்துக்கொள்ளும். சாமந்திக்கு இதன் மறுபக்கம்: அது நீண்ட இரவைக் கேட்பது. மலர்ப்பண்ணைகளில் சாமந்திப் பூவைத் தள்ளிப்போட இரவில் விளக்கு எரிப்பார்கள். உங்கள் சாமந்தி தெருவிளக்குக்குக் கீழே நின்று பூக்க மறுத்தால் உரத்தைக் குறை சொல்லாதீர்கள், தொட்டியை நகர்த்துங்கள்.

இத்தனைக்கும் பிறகுதான் உரம். கரும்பச்சை இலை, முழங்கால் உயரம், ஒரு மொட்டுமில்லை என்றால் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்துவிட்டது. சாணியுரத்தை ஒரு பருவம் நிறுத்திப் பாருங்கள். லேவண்டரும் சங்குப்பூவும் சத்துக் குறைந்த மண்ணிலும் நன்றாகப் பூக்கும்.

ஹாலிஹாக் இலையின் அடியில் ஆரஞ்சுக் கொப்புளங்கள்

துருநோய். ஹாலிஹாக் வளர்ப்பவர் எவரும் இதைக் காணாமல் இருக்க முடியாது. செம்பருத்தி, துத்தி எல்லாம் அடங்கிய குடும்பத்தில் சில செடிகளை மட்டும் பிடிக்கும் பூசணம் இது. அடியிலைகளில் தொடங்கி மேலேறும். கொப்புளம் கண்ட இலையைக் கிள்ளி எரித்துவிடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். இலையை நனைக்காமல் வேரில் மட்டும் தண்ணீர். செடிக்குச் செடி இரண்டடி இடைவெளி. மழைக்காலத்தில் மாங்கோசெப் என்ற பூசணக்கொல்லியை லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளித்தால் வேகம் குறையும், முழுக்கப் போகாது. என் வழக்கம், ஹாலிஹாக்குக்கு முன்னால் குட்டையான வேறு செடிகளை நட்டு அடியிலைகளை மறைத்துவிடுவது. பூ மேலே இருக்கிறது. யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

அடைமழைக்குப் பின் நன்றாக இருந்த செடி ஒரே நாளில் துவண்டது

தொட்டுப் பார்த்தால் மண் ஈரம், செடி வாட்டம். தண்ணீர் ஊற்றாதீர்கள். இது செடியின் அடித்தண்டு மண்மட்டத்தில் அழுகும் கழுத்தழுகல். ஜெர்பெராவையும் நித்தியகல்யாணியையும் ஐப்பசி மழையில் இதுதான் கொண்டுபோகும். ஜெர்பெராவின் நடுக்கொத்து மண்மட்டத்துக்கு ஒரு விரற்கடை மேலே தெரியும்படி நட வேண்டும், மேட்டுப்பாத்தி கட்டாயம். விதையிலிருந்து வந்த நித்தியகல்யாணிகளில் துவண்டவற்றுக்கு நடுவே ஒன்றிரண்டு நிமிர்ந்தே நிற்கும். அவற்றின் விதையை எடுத்து வையுங்கள்.

வெள்ளை விதைத்தேன், ஊதா பூத்தது

தேனீ கலந்துவிட்டது, அல்லது கலப்பின விதையின் பிள்ளைகளை விதைத்திருக்கிறீர்கள். எஃப்1 (முதல் தலைமுறைக் கலப்பினம்) என்று பாக்கெட்டில் இருந்தால் அதன் விதையைச் சேமித்துப் பயனில்லை. அடுக்கு ஹாலிஹாக்கின் விதையில் சில ஒற்றையாக வரும். ஃபாக்ஸ்குளோவில் பூக்கும் வரை காத்திருக்க வேண்டாம்: இலைக்காம்பும் நடுநரம்பும் ஊதா சாயலடித்தால் பூவும் ஊதா. வெள்ளை மட்டும் வேண்டுமானால் நாற்றிலேயே பிரித்துவிடலாம்.

அப்படிப் பிரித்தெடுத்த நாற்றுகளை ஆடு மாடு மேயும் இடத்தில் வீசாதீர்கள். ஃபாக்ஸ்குளோவின் எல்லாப் பாகமும் நஞ்சு. அரளியில் இருப்பது போலவே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. இதய நோய்க்குத் தரும் டிஜாக்சின் மருந்து இதன் இனத்துச் செடியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. பூக்காத இலைக்கொத்தைக் கீரை என்று நினைக்கக்கூடிய சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை வளர்க்காமல் இருப்பதே நல்லது.

பூத்து முடிந்ததும் செடி காய்ந்துபோனது

ஈராண்டுச் செடியாக இருந்தால் அதன் கணக்கு முடிந்தது. ஹாலிஹாக், ஃபாக்ஸ்குளோவ், ஸ்வீட் வில்லியம் மூன்றிலும் விதை கட்டுமுன் பூந்தண்டை அடியோடு வெட்டினால், சில செடிகள் பக்கக்கொத்து விட்டு இன்னொரு பருவம் நிற்கும். எல்லாவற்றையும் வெட்டிவிடாதீர்கள். நல்ல நிறமுள்ள ஒரு செடியை விதைக்கு விடுங்கள். காய் பழுப்பாகி நுனி வெடிக்கத் தொடங்கும்போது, தண்டைக் காகிதப் பைக்குள் தலைகீழாகக் கவிழ்த்துக் கட்டித் தொங்கவிட்டால் விதை பையில் விழும். ஹாலிஹாக் விதையில் ஒட்டியிருக்கும் இலைச்சருகைத் தேய்த்து நீக்கிவிடுங்கள். துருநோய் அதில் தங்கி அடுத்த தலைமுறைக்குப் போகும்.

ஆண்டுதோறும் பூ வேண்டும் என்றால், முதல் விதைப்புக்கு அடுத்த ஆண்டும் அதே மாதத்தில் இன்னொரு தட்டு விதைக்க வேண்டும். அதன் பிறகு ஒரு பாத்தி இலையாக இருக்கும்போது மற்றது பூவில் இருக்கும். உதிரும் விதையே மூன்றாம் ஆண்டிலிருந்து வேலையை எடுத்துக்கொள்ளும். களை எடுப்பவரிடம் ஃபாக்ஸ்குளோவ் நாற்று எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே காட்டிவையுங்கள்.